டாங்கிக்கு இரண்டு மூடி

1. கவுண்டரில் கவிழ்ந்த பை

யோகமக்கா தன் பொலித்தீன் பையைக் கவுண்டரில் கவிழ்த்தபோது காலை பதினொரு மணி இருக்கும். உள்ளேயிருந்து வெங்காயத் தாள்கள் விழுந்தன. நுனி வெளுத்து, நடுப்பகுதி கருகி, பிடித்தால் நொறுங்கும் நிலையில் இருந்தன.

“தம்பி தேவன், உதை வடிவாப் பார். ரெண்டு நாளிலை எல்லாம் கருகிப் போச்சு. என்ன வருத்தமெண்டு பாத்து ஒரு மருந்து தா.”

யோகமக்கா சண்டிலிப்பாயில் ஆறு பரப்புக் காணியில் வெங்காயம் செய்பவர். அவருடைய கணவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலில் சேறு பட்டால் மூன்று தடவை கழுவுகிற மனிதர். ஆகவே கொத்துவது, இறைப்பது, மருந்தடிப்பது எல்லாம் அக்காதான். எங்கள் விவசாய மருந்துக் கடைக்கு அவர் இருபது வருடத்துக்கு மேலாக வந்துகொண்டிருந்தார். லேபிளை வாசித்ததே இல்லை. “நீ நிக்கேக்கை எனக்கென்னத்துக்கு உந்தப் பொடி எழுத்து?” என்பார். எனக்கு அது பெருமையாக இருந்தது.

தாளைப் பார்த்தவுடன் ஏதோ பூஞ்சண நோய் என்று நினைத்தேன். என் கை வழக்கம்போலப் பூஞ்சண மருந்து அடுக்கியிருக்கும் தட்டுக்குப் போய்விட்டது.

அந்தக் கை கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கட்டும். மூடிக் கதையைச் சொல்லாமல் மேலே போனால் இன்று கவுண்டரில் நிற்கும் இளம் பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்காது.

2. கப்பலில் வந்த போத்தல்கள்

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் போரால் எங்கள் குடாநாட்டுக்குத் தரைப்பாதை இல்லை. சீனி, சவர்க்காரம், பூச்சிமருந்து எல்லாம் அனுமதி எடுத்துக் கப்பலில்தான் வரவேண்டும். நாடு எத்தனையோ வகை மருந்தை இறக்கியிருக்கலாம். எங்கள் தட்டுக்கு வந்தவை நாலைந்துதான்.

முதல் நாள் முதலாளி ஒரு பெட்டியைப் பிரிக்கச் சொன்னார். கப்பலில் ஈரம் பட்ட பெட்டி. பன்னிரண்டு போத்தலில் ஒன்பதில் லேபிள் இல்லை. எல்லாம் அடியில் கூழாகக் கிடந்தன. நான் விழித்துக்கொண்டு நின்றேன்.

“என்ன முழிக்கிறாய்? மருந்து ஒண்டுதானே,” என்றார் முதலாளி. ஒரு சிரிஞ்சை எடுத்து, போத்தலின் மூடிக்குள் தண்ணீர் விட்டு அளந்து காட்டினார். “பார், ஒரு மூடி பத்து மில்லி. முதுகிலை கொழுவுற பதினாறு லீற்றர் டாங்கிக்கு இருவது மில்லி. அப்ப எத்தினை மூடி?”

“ரெண்டு.”

“அவ்வளவுதான் படிப்பு. உதை மட்டும் பிழையாச் சொல்லிப்போடாதை. சனத்தின்ரை சீவியம்.”

இப்போது இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். லேபிள் கூழாகிப் போன அந்த நாட்களில் அந்த இரண்டு மூடிதான் எத்தனையோ தோட்டங்களைக் காப்பாற்றியது. அளவுக் கிண்ணம் எவரிடமும் இல்லை. மூடி எல்லோரிடமும் இருந்தது. போத்தல் முடிந்தாலும் மூடியைக் கழுவி, கிணற்றுக் கட்டுக்குப் பக்கத்தில் ஆணியில் கொழுவி வைப்பார்கள். ஒரு தோட்டத்துக்காரர் இன்னொருவரிடம் மருந்தைப் பற்றிக் கதைத்தால் மில்லியும் லீற்றரும் வாயில் வராது. “நீ எத்தினை மூடி விட்டனீ?” என்றுதான் கேட்பார்கள். நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம்.

3. என் அலுமாரியும் நாட்டின் இறக்குமதியும்

பாதை திறந்த பிறகு லொறி லொறியாக மருந்து வந்தது. ஒரு நாடு எதை இறக்குகிறது, எதை நிறுத்துகிறது என்று அறியப் பத்திரிகை பார்க்கத் தேவையில்லை. என் கடை அலுமாரியைப் பார்த்தால் போதும்.

முதலில் ஐரோப்பியக் கம்பனிகளின் சாமான். விலை கூட, போத்தல் கனம், மூடி இறுக்கம். பிறகு இந்தியாவில் இருந்து வந்தது. அதன் பிறகு சீனாவில் இருந்து. ஒரே மருந்துக்கு ஏழெட்டுப் பெயர், மூடி மட்டும் அதே பத்து மில்லி. கம்பனிகளின் விற்பனைப் பிரதிநிதிகள், நாங்கள் ‘ரெப்’ என்று சொல்பவர்கள், தொப்பியும் கலண்டரும் கொண்டு வரிசையில் நின்றார்கள். எனக்கு அவர்களைக் கண்டால் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் தொப்பியை வாங்கிக்கொள்வேன்.

இன்னொரு மாற்றமும் நடந்தது. நஞ்சு மிகக் கூடிய மருந்துகளின் லேபிளில் சிவப்புப் பட்டி இருக்கும். அந்தச் சிவப்புப் பட்டிப் போத்தல்கள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்டு அலுமாரியிலிருந்து மறைந்தன. அப்போது தோட்டத்துக்காரர் திட்டினார்கள். “உது இல்லாமல் பூச்சி சாகுமே?” என்று நானும் சேர்ந்து திட்டினேன். பூச்சிக்கு வேறு மருந்து வந்தது. ஆனால் கோபத்திலும் துக்கத்திலும் அந்த மருந்துக்குப் பறிகொடுத்த உயிர்கள் எங்கள் ஊர்களில் எத்தனை என்று வயதானவர்களுக்குத் தெரியும். அந்தப் போத்தல்கள் வீட்டுக் கோடிகளில் இல்லாமல் போன பிறகு, கடை வாடிக்கையாளர் ஒருவருடைய வீட்டில் அப்படி ஒரு சாவு என்று நான் கேள்விப்படும் நாட்கள் நன்றாகக் குறைந்தன. எங்கோ ஒரு கந்தோரில் உட்கார்ந்து அந்த இறக்குமதியை வெட்டிய அதிகாரிகள் யாரென்று எனக்குத் தெரியாது. அவர்களைத் திட்டியவன் என்ற முறையில், இப்போது அவர்களுக்கு என் நன்றியை எழுதி வைக்கிறேன்.

பிறகு வந்தது எல்லோருக்கும் தெரிந்த தடை. இரசாயன உரமும் வேண்டாம், மருந்தும் வேண்டாம் என்று அரசாங்கம் இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியது. என் அலுமாரி காலியானது. தட்டுகளைத் துடைத்துத் துடைத்து மரம் பளபளத்தது. ஆட்கள் வந்து நின்று தட்டைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். யோகமக்கா அந்தப் போகத்தில் வேப்பங்கொட்டை இடித்துக் கரைத்து அடித்தார். பாதி விளைந்தது.

தடை எடுபட்டபோது டொலர் இல்லை. மருந்து வந்தது, ஆனால் கையில் கிடைத்த நாட்டிலிருந்து கிடைத்த அளவில் வந்தது. இந்த மாதம் ஒரு போத்தல், அடுத்த மாதம் இன்னொரு போத்தல். வெங்காயத் தாளை உறிஞ்சும் பனிப்பூச்சிக்கு மருந்து கேட்டு நாங்கள் தவம் கிடந்த நேரம், ஒரு ரெப் இரண்டு பெட்டியோடு வந்து இறங்கினார்.

“சாமான் அதேதான் அண்ணை. வாற நாடுதான் வேறை.”

பெயரைப் பார்த்தேன். ஓம், அதே மருந்தின் பெயர்தான். அத்தோடு விட்டேன். இத்தனை வருடம் வாசித்த லேபிள்தானே என்ற நினைப்பு. மாதக்கணக்கில் காலியாக இருந்த தட்டில் போத்தலை அடுக்கியபோது எனக்கு வந்த சந்தோசத்தில் கண் மற்ற எழுத்துக்குப் போகவில்லை.

அடுத்த நாள் யோகமக்கா ஒன்று வாங்கினார். “முந்தினமாதிரித்தானே?” என்று கேட்டார்.

“ஓமக்கா, டாங்கிக்கு ரெண்டு மூடி.”

4. சிரிஞ்சை எடுத்தேன்

இனிப் பூஞ்சண மருந்துத் தட்டில் நிற்கும் என் கைக்கு வருவோம்.

எடுத்துக் கொடுக்க முன் ஒரு கேள்வி கேட்பது என் பழக்கம். அதற்காக இன்றுவரை என்னையே மெச்சிக்கொள்கிறேன். மற்ற எதற்காகவும் அந்த நாளில் மெச்ச முடியாது.

“கடைசியா என்ன அடிச்சனீங்கள்?”

“நீ தந்த பனிப்பூச்சி மருந்துதான். முந்தநாள் பின்னேரம். ஆனா தேவன், உந்தக் கம்பனிக்காரர் களவு. போத்திலை நிரப்புறாங்களில்லை. முந்தி ஒரு போத்தில் எடுத்தா ஆறு பரப்புக்கும் ரெண்டு தரம் அடிப்பன். இது அஞ்சு பரப்போடை முடிஞ்சு போச்சு.”

“மற்றப் பரப்பு?”

“அது பச்சையா நிக்குது. வருத்தம் அங்கை இன்னும் வரேல்லை. அதுக்குள்ளை மருந்தைத் தா எண்டுதானே ஓடி வந்தனான்.”

தட்டிலிருந்த புதுப் போத்தலை எடுத்து மூடியைக் கழற்றினேன். பழைய மூடியைவிடப் பெரிது. கவுண்டருக்குக் கீழே குனிந்து, அக்கா பார்க்காமல், தண்ணீர் விட்டுச் சிரிஞ்சால் உறிஞ்சினேன். இருபத்தைந்து மில்லி. பிறகு லேபிளைத் திருப்பினேன். மருந்தின் செறிவு பழையதைப்போல இரட்டிப்பு. டாங்கிக்குப் பத்து மில்லி என்று தமிழில்தான், தெளிவாகத்தான் போட்டிருந்தது.

அக்கா என் வாயை நம்பி இந்தப் பெரிய மூடியால் இரண்டு விட்டு, ஐந்து மடங்கு மருந்தை வெங்காயத்துக்கு அடித்திருக்கிறார்.

“உங்களுக்குத் தலைச்சுத்து, சத்தி ஏதும் வந்ததோ?” என்று கேட்டேன்.

“அண்டைக்குக் கொஞ்சம் தலையிடி. முழுகினாப் பிறகு போட்டுது. ஏன்?”

“ஒண்டுமில்லை. இப்ப ஒரு மருந்தும் அடிக்காதேங்கோ. பின்னேரம் தோட்டத்துக்கு வாறன்.”

அவ்வளவுதான் சொன்னேன். உண்மையைச் சொல்லவில்லை. அவர் போன பிறகு முதலாளியிடம் மூடியையும் போத்தலையும் கொண்டுபோய் வைத்தேன். அவர் லேபிளை வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

“வேறை ஆருக்குக் குடுத்தனீ?”

“இது ஒண்டுதான் போனது.”

“அவ உன்னைக் கேட்டவவோ, மருந்தாலைதான் கருகினதெண்டு?”

“இல்லை. வருத்தம் எண்டு நினைக்கிறா.”

முதலாளி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “கேக்காததுக்கு நீ ஏன் போய் வாயைக் குடுக்கிறாய்? விசயம் ஊருக்குள்ளை போனா இந்தக் கடைக்கு ஆர் வருவினம்? வெயிலெண்டு சொல்லு. பனியெண்டு சொல்லு.”

அவரைக் குறை சொல்ல மாட்டேன். தடைக்காலத்தில் வியாபாரமே இல்லாதபோதும் எங்கள் ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பாத மனிதர் அவர். பயம் அவருக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது. எனக்கு வேலை போகும் என்ற பயம். அதைவிடப் பெரிய பயம், இனி என்னிடம் ஒருவரும் அளவு கேட்க மாட்டார்கள் என்பது.

ஆனால் அந்த வெங்காயம் விற்பதற்கு நின்றதல்ல, விதைக்கு நின்றது. தடைக்காலத்துக்குப் பிறகு எங்கும் விதை வெங்காயம் இல்லை. அக்கா வீட்டுக் கூரையில் பிடி கட்டித் தொங்கவிட்டிருந்த கடைசி வெங்காயம் வரை எடுத்து அந்த ஆறு பரப்பிலும் நட்டிருந்தார். அது போனால் அடுத்த போகத்துக்கு நடுவதற்கு ஒன்றும் இல்லை. வருத்தம் என்று நினைத்து அவர் வேறு கடைக்குப் போய் இன்னொரு மருந்தை வாங்கி மேலே அடித்தால், இருக்கிற உயிரும் போய்விடும்.

“நான் சொல்லாட்டி அவ இன்னொரு மருந்தை அடிப்பா, முதலாளி.”

அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். “அந்தப் பெட்டி ரெண்டையும் இறக்கி வை. போட்டு வா. கடையின்ரை பிழை எண்டு சொல்லு, உன்ரை பிழை எண்டு மட்டும் சொல்லாதை.”

இருபத்தெட்டு வருடத்தில் அவர் எனக்குச் செய்த நன்மைகளில் இதையே நான் முதலில் வைப்பேன்.

5. பூவாளி

அக்கா வரம்பில் நின்றார். ஐந்து பரப்பு வெளிறிக் கிடந்தது. ஆறாவது பரப்பு பச்சையாக நின்றது. எவருக்கும் விளங்கக்கூடிய காட்சி. போத்தல் மூடியை நீட்டி நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். கடையின் பிழை என்று சொல்ல முதலாளி அனுமதி தந்திருந்தார். ஆனால் அந்த இடத்தில் நின்றபோது “என்ரை பிழை” என்றுதான் வாயில் வந்தது.

அவர் மூடியை வாங்கி உள்ளே பார்த்தார். சின்னி விரலை விட்டுப் பார்த்தார்.

“இருவது வருசமா உன்ரை வாயைத்தானே நான் லேபிள் எண்டு நினைச்சனான்,” என்றார்.

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். தலை குனிந்து நின்றேன். பிறகு அவர் கத்தவும் செய்தார். “என்ன முழிச்சுக்கொண்டு நிக்கிறாய்? இப்ப என்ன செய்யிறதெண்டு சொல்லு! அதுக்குத்தானே வந்தனீ?”

“தண்ணி அடிக்கோணும். தாள் முழுக்க நனையக் கழுவோணும். இண்டைக்கும் நாளைக்கும் நாளண்டைக்கும். வேறை ஒண்டும் வேண்டாம். குருத்து உயிரோடை இருந்தால் புதுத் தாள் விடும்.”

“கரண்ட் இல்லை. பம்முக்குப் பெற்றோலும் இல்லை. முந்தநாள் இறைச்சதோடை முடிஞ்சுது.”

பெற்றோலை வாரத்துக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்த காலம் அது. நான் பாதி நாள் வரிசையில் நின்று எடுத்தது மோட்டார் சைக்கிளில் அப்படியே இருந்தது. குழாயைக் கழற்றிப் பிளாஸ்டிக் கானில் வடித்தேன். அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

பம் கிணற்றுத் தண்ணீரைத் தொட்டியில் இறைத்தது. அவர் ஒரு பூவாளி, நான் ஒரு பூவாளி. தொட்டியில் கோலிக் கோலித் தாளில் ஊற்றினோம். அவருடைய கணவர் தோட்டத்தை ஒட்டிய ஒழுங்கையில் நின்று எட்டிப் பார்த்தார். இரண்டு பேரும் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்து, சாரத்தை மடித்துக்கொண்டு இறங்கினார். அக்கா வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

“மருந்து விக்கிற மனிசன் வந்து தண்ணியை அடி எண்டுறான். கண்டக்டர் சேத்துக்கை இறங்குறார். இண்டைக்கு என்ன நாளோ!” என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

பொழுது சாய முன் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீடு போனேன். அடுத்த இரண்டு நாளும் சைக்கிளில் போய் ஊற்றினேன். இரண்டு பரப்பு முற்றாகப் போனது. மூன்று பரப்பில் ஒன்பதாம் பத்தாம் நாளில் புதுத் தாள் விட்டது. வெங்காயம் சின்னனாகத்தான் விளைந்தது. பச்சையாக நின்ற பரப்பையும் சேர்த்து விதைக்குப் போதுமானதாக இருந்தது.

முதலாளி அந்த வாரமே அளவுக் கிண்ணம் நூறு எடுப்பித்தார். போத்தல் வாங்கினால் கிண்ணம் சும்மா. “மூடி” என்ற சொல்லைக் கவுண்டரில் சொல்லக்கூடாது என்று எனக்குக் கட்டளை. நானும் ஒவ்வொரு பெட்டியும் வந்தவுடன் ஒரு போத்தலை எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்துவிட்டுத்தான் தட்டில் வைப்பேன்.

ஆட்கள் வரமாட்டார்கள் என்று காத்திருந்தேன். வந்தார்கள். முன்னையைவிடக் கூட வந்தார்கள், வந்து கிண்ணம் கேட்டார்கள். சனம் மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

யோகமக்கா மட்டும் மறக்கவிடவில்லை. கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது பார்த்து, “தம்பி, எத்தினை மூடி?” என்று சத்தமாகக் கேட்பார். நான் லேபிளை உயர்த்தி வாசிப்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குக் காது சூடாகும். செய்ததற்கு இந்தச் சிரிப்பாவது தண்டனையாக இருக்கட்டும் என்று வாங்கிக்கொள்வேன்.

6. கடைசி நாள்

போன வருடம் ஓய்வு பெற்றேன். கடைசி நாள் யோகமக்கா வந்தார். கையில் ஒரு பிடி விதை வெங்காயம், தாளோடு சேர்த்து முடிந்து கட்டியது. கூடவே பக்கத்துத் தோட்டத்து இராசனும் வந்திருந்தார்.

“உதைக் கொண்டுபோய் உன்ரை வளவுக்கை நடு. சும்மா இருந்தா வருத்தம் வரும்,” என்று பிடியைக் கவுண்டரில் வைத்தார். பிறகு வழக்கம்போல ஒரு போத்தலைக் காட்டி, “எத்தினை மூடி?” என்றார்.

இராசன் சிரித்தார். “அக்கா இன்னும் தன்ரை பிழையை மறக்கேல்லை, பாத்தியளோ தேவண்ணை?”

“என்ன பிழை?” என்றேன்.

“அதுதான், அண்டைக்கு நீங்கள் பத்து மில்லி எண்டு சரியாச் சொல்லியும் கேளாமல், பழக்கத்திலை மூடியாலை ஊத்தி வெங்காயத்தைக் கருக்கினது. அவதானே எங்கடை ஒழுங்கை முழுக்க வீடு வீடாப் போய்ச் சொன்னவ. ‘நான் செய்த விசர் வேலையை நீங்கள் செய்யாதேங்கோ, தேவனிட்டைப் போய்க் கிண்ணம் வாங்குங்கோ’ எண்டு. அதுக்குப் பிறகுதானே நாங்கள் எல்லாரும் மூடியை எறிஞ்சனாங்கள்.”

சண்டிலிப்பாயில் வெங்காயம் என்றால் யோகமக்காவைத்தான் கேட்பார்கள். அப்படிப்பட்டவர், அளவு தெரியாமல் தன் பயிரைத் தானே கருக்கினேன் என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறார். இத்தனை நாளும் அந்தச் சிரிப்பு என்னைப் பார்த்துச் சிரித்தது என்று நான் நினைத்திருந்தேன். அது அவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு.

“ஏனக்கா?” என்று கேட்டேன்.

அவர் வெங்காயத்தின் காய்ந்த தோலை உரித்துக்கொண்டே சொன்னார். “அந்த நேரம் நாளுக்கொரு போத்தில், நாளுக்கொரு நாட்டிலையிருந்து வந்துது. உன்ரை சொல்லையும் நம்பேலாது எண்டு சனம் விட்டிட்டா, பிறகு ஆரிட்டைப் போய்க் கேக்கிறது? வேறை ஆரும் எண்டா வெயிலெண்டு சொல்லி இன்னொரு போத்திலை வித்திருப்பான். நீ வந்து சொன்னனீ. எனக்கு அது காணும்.”

முதலாளி மேசையில் ஏதோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

கவுண்டரில் நிற்கப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது பெரிதாக ஒன்றும் இல்லை. மருந்து பழசாக இருந்தாலும் பெட்டி புதிது. ஒவ்வொரு பெட்டியையும் முதன்முதலாகப் பார்ப்பதுபோல வாசியுங்கள். பிழை விட்டால் அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். ஆறு பரப்பில் நாலு பரப்பாவது மிஞ்சும். என் வேலையையும் பெயரையும் காப்பாற்றியது என் படிப்போ கெட்டித்தனமோ அல்ல, ஒரு பெண் தன் பெயரைக் கொடுத்துக் காப்பாற்றினார்.

“என்ன, சொல்லன். எத்தினை மூடி?” என்று யோகமக்கா மறுபடி கேட்டார்.

போத்தலை எடுத்து லேபிளைத் திருப்பினேன். இருபத்தெட்டு வருடத்தில் முதல்தடவையாக எழுத்து ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சேர்ட்டில் துடைத்தேன். கண்ணையும் துடைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து சத்தமாக வாசித்துக் காட்டினேன்.